காற்று உதிர்த்த தழை

ஓடைக்கரை மருத மரங்களில் மந்திக் கூட்டம் ஒன்று குடியிருந்தது. மரத்தடியில் புள்ளிமான் கூட்டம் மேய்ந்தது. மந்திகள் தழையை ஒடித்துப் பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் கீழே போடும். மான்கள் அதைத் தின்னும். மந்திகளுக்குக் கண் கூர்மை. சிறுத்தை தலை தெரிந்தால் மேலிருந்து குரல் கொடுக்கும், மான்கள் ஓடித் தப்பிக்கும். மான்களுக்கு மூக்கு கூர்மை. வாடை பட்டால் அவை குரல் கொடுக்கும், தரையில் இருக்கும் மந்திகள் மரமேறிவிடும். இரண்டு கூட்டமும் பல காலமாக இப்படித்தான் உயிர் பிழைத்து வந்தன.

அன்று காலையிலேயே பூரணி என்ற மானுக்கு எரிச்சல். வேம்பி என்ற தாய் மந்தி மரத்தைவிட்டு இறங்கி வந்து புகார் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பூரணியின் மகள் துளி. வேம்பியின் மகள் பஞ்சி. இருவரும் ஒரே வாரத்தில் பிறந்தவர்கள். பிறந்தபோது எல்லா மந்திக் குட்டிகளையும் போலப் பஞ்சியின் முகமும் வெளுத்து இளஞ்சிவப்பாக இருந்தது. அப்போது துளி அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு ஓடைக்கரை முழுக்கச் சுற்றுவாள். சில மாதங்களில் பஞ்சியின் முகம் அம்மாவின் முகத்தைப் போலக் கறுத்தது. எல்லா மந்திகளுக்கும் கறுப்பதுதான். ஆனால் துளி இப்போது அவளைக் கரிமூஞ்சி என்று கூப்பிடுகிறாளாம். முதுகில் ஏற வந்தால், மூஞ்சியைக் கழுவிவிட்டு வா என்கிறாளாம்.

"அவளும் நம்பி ஓடையில போய் உட்கார்ந்துட்டா, பூரணி" என்றாள் வேம்பி. "மூணு நாளா வெள்ளைக் களிமண்ணை எடுத்து மூஞ்சியில தேய்க்கிறா. தோல் உரிஞ்சு ரத்தம் வருது. நான் சொன்னா கேட்க மாட்டேங்குறா."

பூரணிக்கு வெட்கமாகப் போய்விட்டது. கூட்டத்தில் நல்லவள் என்று பெயர் எடுத்தவள் அவள். "ஐயையோ, எங்க வீட்டுல யாரும் அப்படிப் பேச மாட்டோமே! எங்க போய்க் கத்துக்கிட்டு வந்தாளோ தெரியலையே" என்று தலையை ஆட்டினாள். நாலு இனிப்பான வார்த்தை சொல்லி வேம்பியை அனுப்பி வைத்தாள்.

எங்கே போய்க் கற்றுக்கொண்டாளாம்! அந்தக் குட்டி எங்கேயும் போகவில்லை. தினமும் நடுப்பகலில் புதருக்குள் படுத்து அசைபோட்டபடி பூரணி பேசுவதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில்தான் படுத்திருந்தது. கரிமூஞ்சிக் கூட்டம் என்பாள். அவர்கள் வாயைத் திறந்தால் புளுகு என்பாள். அவர்களோடு ஒட்டி உறவாடினால் நம் புள்ளியெல்லாம் மங்கிப்போகும் என்பாள். பக்கத்துப் புதர் மான் சிரித்தால் இன்னும் ரெண்டு சேர்த்துக்கொள்வாள். குட்டிக்கு என்ன புரியப்போகிறது என்று நினைத்திருப்பாள் போல. காது எத்தனை நீளம் என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

இதில் தழை விவகாரம் வேறு. மந்தி கை பட்ட தழையைத் தின்னக் கூடாது என்று பூரணி குட்டிக்குச் சொல்லியிருந்தாள். ஆனால் கோடையில் தரையில் புல் ஏது? மந்தி போடும் தழைதான் சோறு. அதனால் ஒவ்வொரு கொத்து விழும்போதும் பூரணி மேலே பார்க்காமல் குனிந்து, "இது காத்து உதிர்த்த தழை, சாப்பிடு" என்பாள். இலை அசையாத புழுக்கத்திலும் அவளுக்கு மட்டும் காற்று அடித்துக்கொண்டே இருந்தது. துளியும் நம்பினாள். அம்மா சொன்னால் நம்பத்தானே வேண்டும்?

வேம்பி போனதும் பூரணி மகளைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏண்டி, பஞ்சியைக் கரிமூஞ்சின்னு சொன்னியா?"

"ஆமாம்மா."

"அப்படிச் சொல்லலாமா?"

"நீதானே சொல்லுவே" என்றாள் துளி. அவளுக்கு அம்மா ஏன் கோபப்படுகிறாள் என்று உண்மையிலேயே விளங்கவில்லை.

அந்த நொடியில் அவள் திருந்தியிருக்கலாம். கதையும் இங்கேயே முடிந்திருக்கும். அவளோ பல்லைக் கடித்துக்கொண்டு, "வீட்டுல பேசுறதை வெளியில போய்ப் பேசுவாங்களா? அதெல்லாம் மனசுக்குள்ள வெச்சுக்கணும். வெளியில சிரிச்சுப் பேசணும்" என்று பாடம் நடத்தினாள். துளி தலையாட்டினாள். கரிமூஞ்சி என்ற சொல்லை வாயிலிருந்து எடுத்து, பத்திரமாக மனசுக்குள் வைத்துக்கொண்டாள். இப்படிப்பட்ட தாயை வைத்துக்கொண்டு குட்டி வேறு என்ன செய்யும்?

மறுநாள் காலை பஞ்சி கூட்டத்தோடு உச்சிக்கிளைக்குப் போகவில்லை. தண்ணீருக்கு மேலே தாழ்ந்து கிடந்த கிளையில் தனியாக உட்கார்ந்து, ஈரக் களிமண்ணை உருட்டி முகத்தில் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு தாழ உட்கார்ந்திருந்ததால்தான் நாணலுக்குள் வயிறு தரையில் உரச ஊர்ந்து வந்த சிறுத்தை அவள் கண்ணில் பட்டது. காற்று எதிர்ப்பக்கம் போனதால் மான்களுக்கு வாடை தெரியவில்லை. சிறுத்தைக்கு மிக அருகில் துளி மேய்ந்துகொண்டிருந்தாள்.

பஞ்சி கத்தினாள். சின்னக் குரல்தான். ஆனாலும் காடே கேட்கும்படி கத்தினாள்.

பூரணி ஓடினாள். கத்தியது யார், முகம் என்ன நிறம், சொல்வது நிஜமா புளுகா என்று அவள் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. வாய்தான் மந்தியை நம்பாது. கால்கள் என்றைக்கும் நம்பிக்கொண்டுதான் இருந்தன. மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தபோதுதான் பின்னால் மகள் இல்லை என்று தெரிந்தது. துளி விட்ட இடத்திலேயே நின்று நாணல் குருத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"துளி, ஓடி வா!"

துளி நிமிர்ந்து சிரித்தாள். "பஞ்சிதாம்மா கத்துறா" என்றாள். "அவங்க புளுகுவாங்க."

பூரணிக்கு உயிரே போய்விட்டது. நாணல் பிளந்தது. சிறுத்தை பாய்ந்தது.

பஞ்சிக்கு ஓடி ஒளியத்தான் நேரம் இருந்தது. அவள் ஒளியவில்லை. கையில் இருந்த களிமண் உருண்டையை ஓங்கி எறிந்தாள். அது சிறுத்தையின் கண்ணில் போய் அப்பியது. குறி தப்பிய நகம் துளியின் கழுத்தில் விழாமல் காதில் விழுந்தது. பாதிக் காது கிழிந்து தொங்க, துளி அலறிக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். மரத்திலிருந்த மந்திகள் எல்லாம் கிளைகளை உலுக்கிக் கத்தின. வேம்பி தாவி வந்து மகளை அள்ளிக்கொண்டு மேலே ஏறினாள். கண்ணும் தெரியாமல், ஒளிந்திருப்பதும் அம்பலமாகி, சிறுத்தை முகத்தைத் தேய்த்துக்கொண்டே போய்விட்டது.

பூரணி மகளின் காதை நக்கினாள். பயம் கொஞ்சம் அடங்கியதும் கோபம் வந்தது.

"ஏண்டி நின்னே? மந்தி கத்தினா ஓடணும்னு தெரியாதா?"

"அவங்க வாயைத் திறந்தா புளுகுன்னு நீதானேம்மா சொன்னே" என்று அழுதாள் துளி. "நீ ஏன் ஓடினே?"

பூரணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேட்டில் நின்ற மற்ற மான்களும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டன. அவர்கள் புதர்களிலும் அதே பேச்சுதானே!

இரண்டு நாள் கழித்துத் தாயும் மகளும் மரத்தடிக்கு வந்தார்கள். துளியின் இடது காதில் பாதிதான் மிஞ்சியிருந்தது. மேலிருந்து ஒரு கொத்துத் தழை விழுந்தது. நடந்த அத்தனைக்கும் பிறகும் மந்திகள் தழை போடுவதை நிறுத்தவில்லை. துளி குனிந்து மோந்து பார்த்தாள், ஆனால் வாய் வைக்கவில்லை.

"இது யாரும்மா போட்டது?"

காற்று என்று சொல்லப் பூரணியின் வாய் பழக்கத்தில் திறந்தது. பாதிக் காதைப் பார்த்ததும் மூடிக்கொண்டது.

"வேம்பி போட்டது" என்றாள் பூரணி மெதுவாக. "என்னைக்கும் அவங்கதான் போடுறாங்க. நான் உன்கிட்ட பொய் சொன்னேன்."

துளி அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஓடைக்குப் போனாள்.

பஞ்சி தண்ணீரோரம் உட்கார்ந்து முகத்தைத் தேய்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு மானின் உயிரைக் காப்பாற்றியதும் அவள் முகம் வெளுத்துவிடவில்லையே! துளி தண்ணீரில் இறங்கி அவள் பக்கத்தில் நின்றாள்.

"தேய்க்காதே பஞ்சி. அது அழுக்கு இல்லை. உன் மூஞ்சியே அதுதான்" என்றாள். "எங்க அம்மா சொன்னதுதான் பொய். அதைக் கேட்டுத்தான் நான் உன்னை அப்படிச் சொல்லிட்டேன்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். நீ கத்தினதும் முதல்ல ஓடினது எங்க அம்மாதான்."

கரையில் நின்ற பூரணிக்கு அது காதில் விழுந்தது. வீட்டில் பேசுவதை வெளியில் பேசலாமா என்று அதட்ட இந்த முறை அவளுக்கு வாய் வரவில்லை. துளி முதுகைத் தாழ்த்திக் காத்திருந்தாள். பஞ்சி அந்த முதுகையே வெகுநேரம் பார்த்தாள். ஆனால் ஏறவில்லை. கையிலிருந்த களிமண்ணையும் இன்னும் கீழே போடவில்லை.

பெரியவர்கள் வீட்டுக்குள் பேசிச் சிரித்துவிட்டு மறந்துபோகும் வெறுப்பை நெஞ்சில் சுமப்பதும் அதற்காக ரத்தம் சிந்துவதும் குழந்தைகள்தான்.