படத்துக்கு நின்ற புள்ளிமான்

மூங்கில் காட்டில் ஒரு புள்ளிமான் இருந்தது. அதற்குக் கொம்பு பெரிது. தலைக்கனம் அதைவிடப் பெரிது.

அந்தக் காட்டுக்குள் ஒரு நடைபாதை போனது. காலையில் நகரத்து ஆட்கள் காடு பார்க்க வருவார்கள். ஒருநாள் மான் தற்செயலாகப் பாதையோரம் மேய்ந்துகொண்டிருந்தது.

“என்னங்க, இங்க பாருங்க! மான்! எவ்வளவு அழகு!” என்று ஒரு பெண் கூவினாள். உடனே எல்லார் கையிலும் கைப்பேசி உயர்ந்தது.

அவ்வளவுதான்! அன்றிலிருந்து மானுக்குப் புல் மேய நேரமில்லை. விடிந்ததும் பாதைக்கு வந்துவிடும். கழுத்தை நிமிர்த்தி, முகத்தில் வெயில் படும்படி திரும்பி நிற்கும்.

“அண்ணா, எங்களோடு வந்துவிடு. வெட்டவெளியில் தனியாக நிற்காதே!” என்றது தங்கை மான்.

“கூட்டத்தில் நின்றால் நான் யாரென்று எப்படித் தெரியும்? பாவம், ரசிகர்களை ஏமாற்றலாமா?”

மரத்திலிருந்த குரங்கு சிரித்தது. “தாராளமாக நில்லப்பா! சிறுத்தையும் உன் ரசிகன்தான். நேற்று புதருக்குள் உட்கார்ந்து உன்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வாயில் எச்சில் ஊறியது!”

“உன்னை யாரும் படம் எடுப்பதில்லை. அந்த எரிச்சல் உனக்கு!” என்றது மான்.

குரங்கு அடுத்த கிளைக்குத் தாவிவிட்டது. அழகானவர்களோடு யார் வாதாடுவது?

சிறுத்தைக்கும் வேலை சுலபமாகிவிட்டது. முன்பு மானைத் தேடிக் காடெல்லாம் அலையும். இப்போது மனிதர்கள் “ஆகா!” என்று கத்தும் பக்கம் நடந்தால் போதும்.

மறுநாளும் கூட்டம் கூடியது. “அசையாதே, அசையாதே!” என்று ஒருவர் கெஞ்சினார். மான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டது.

“ஓடு! சிறுத்தை!” என்று குரங்கு அலறியது.

“இப்போதா? படம் நன்றாக விழும் நேரத்திலா?” என்றது மான்.

சிறுத்தை பாய்ந்தது! மான் துள்ளியதில் உயிர் தப்பியது. ஆனால் தொடை கிழிந்துவிட்டது. ரத்தம் சொட்ட மனிதர்களிடம் ஓடியது.

“காப்பாற்றுங்கள்! நான்தான்! உங்கள் மான்!”

“ஐயோ, சிறுத்தைங்க! மானை விடுங்க, அந்தப் பக்கம் எடுங்க!” என்று அலறினாள், முதல்நாள் மானைப் பார்த்துக் கூவிய அதே பெண். எல்லாக் கைப்பேசிகளும் திரும்பின. அவர்கள் போட்ட கூச்சலில் மிரண்டு சிறுத்தை புதருக்குள் மறைந்தது. அப்போதும் மானை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மான் நொண்டிக்கொண்டே மூங்கிலுக்குள் போய் விழுந்தது. தங்கை ஓடிவந்து, ஒன்றும் கேட்காமல் காயத்தை நக்கிவிட்டது. மான் வெட்கத்தில் கண்களை மூடிக்கொண்டது.

நம்மைப் பார்த்து வியப்பவர்கள் ஆபத்தில் உதவுவார்கள் என்று நம்பி, நம்மீது அக்கறை உள்ளவர்களின் பேச்சைத் தட்டக் கூடாது.