குரங்கின் வாலும் மூலைக் கயிறும்

விலங்குகளும் பறவைகளும் ஒன்றோடொன்று பேசிப் பழகிய அந்தக் காலத்தில், ஜப்பான் தேசத்தின் வடக்கே, பாதி வருடம் பனி மூடிக் கிடக்கும் ஒரு மலையின் அடியில் ஒரு கோதா இருந்தது. நான்கு மூலைக்கு நான்கு கம்பங்கள். கம்பத்துக்குக் கம்பம் மூன்று வரிசை காட்டுக்கொடி. நடுவில் மிதிபட்டு இறுகிய மண்.

அங்கே இரண்டு பேர் சேர்ந்து இரண்டு பேரோடு மல்யுத்தம் செய்வார்கள். ஒருவர் உள்ளே சண்டையிடும்போது, அவருடைய கூட்டாளி தன் மூலையில் கொடிக்கு வெளியே நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் கையைத் தொட்டால்தான் வெளியே இருப்பவர் உள்ளே போகலாம். எதிராளியின் இரண்டு தோள்களையும் மண்ணோடு அழுத்தி, நடுவர் மூன்று எண்ணும்வரை பிடித்திருந்தால் வெற்றி. நடுவர் ஒரின் என்ற முதிய நாரை. அவள் வாயால் எண்ணுவதோடு நிறுத்த மாட்டாள், ஒவ்வோர் எண்ணுக்கும் காலால் மண்ணை ஒரு தட்டுத் தட்டுவாள்.

ஆரம்பத்தில் கூட்டாளிகள் பொறுமை இல்லாமல் கைதொடாமலே உள்ளே பாய்ந்தார்கள். ஒரே நாளில் பதினோரு முறை அப்படி நடந்தது. அதனால் ஒரின் ஒரு சட்டம் போட்டாள். வெளியே நிற்பவரின் வாலை மூலைக் கம்பத்தில் கட்டிவிட வேண்டும். கட்டிய வாலை அவர் விட்டுவிட்டு வரக் கூடாது. வால் குட்டையாக இருந்தால் பின்னங்காலைக் கட்டுவார்கள்.

வென்ற சோடிக்குப் பட்டம். பட்டத்துக்கு அடையாளமாக, வெள்ளை மரப்பட்டையை உரித்துப் பின்னிய இரண்டு கச்சைகள். ஆளுக்கு ஒன்று.

முதலில் பட்டம் வென்றவை இரண்டு முயல்கள். நாற்பத்தொரு நாள் வைத்திருந்தன. மோத வந்தவர்களிடமிருந்து ஒரு முறைகூட அதைக் காத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது, காட்டுப்பன்றியும் மரநாயும். இருநூற்றுப் பத்து நாள், மூன்று முறை காத்தார்கள். மூன்றாவது, ஒரு மானும் ஒரு காட்டுவாத்தும். வாத்து இறக்கையால் எதிராளியின் கண்ணை மறைக்கும், மான் முட்டும். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் குளிர் வந்ததும் வாத்து தன் இனத்தோடு தெற்கே பறந்துபோய்விட்டது. போட்டி நாளன்று மான் மட்டும் ஒற்றைக் கச்சையோடு வந்து நின்றது.

"என் கச்சை என்னிடம் இருக்கட்டும் அம்மா. நான் எங்கேயும் போகவில்லையே" என்று மான் கேட்டது.

"பாதிப் பட்டம் என்று ஒன்று கிடையாது" என்று சொல்லி, ஒரின் இரண்டையும் வாங்கிக்கொண்டாள்.

அதோடு இன்னொரு சட்டமும் வந்தது. பட்டம் வைத்திருப்பவர்கள் நூற்றிருபது நாளுக்குள் ஒரு முறையாவது இருவரும் சேர்ந்து வந்து மோத வேண்டும். ஒரு நாள் தவறினாலும் இரண்டு கச்சையும் போய்விடும்.

நான்காவதாகப் பட்டம் வென்றவர்கள்தான் கென்பெய் என்ற கரடியும் சூகே என்ற குரங்கும். பனி உருகிய மாதத்தில் வென்றார்கள். கோடை முடிவதற்குள் ஏழு முறை காத்துக்கொண்டார்கள். கென்பெயின் இடுப்புக்குக் கச்சை எட்டவில்லை, மூன்று சாண் குறைந்தது. அதனால் அவன் அதைக் கழுத்திலிருந்து மார்பில் பிறைபோலத் தொங்கவிட்டுக்கொண்டான். சூகேக்கு அது இரண்டு சுற்று வந்தது.

அந்தக் காலத்துக் குரங்குகளுக்கு நீண்ட வால். சூகேயின் வால் ஐந்து சாண். கிளையில் அதைச் சுற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கிப் பழம் தின்பதில் அவனுக்குப் பெருமை அதிகம்.

அவனுக்கு ஒரு கவலையும் இருந்தது. அதை அவன் கென்பெயிடம் சொல்லவில்லை. சூகேயின் கூட்டத்தில் அறுபத்தொரு குரங்குகள். கூட்டத்தை விட்டு ஒரு கரடியோடு அவன் சுற்றுவது தலைவனுக்குப் பிடிக்கவில்லை. "கச்சை இடுப்பில் இருக்கும்வரை அந்தத் தடியனோடு இருந்துகொள். கச்சை போன அன்றே திரும்பி வந்துவிட வேண்டும். நாங்கள் தென்பள்ளத்தாக்குக்குப் போகிறோம். இந்தப் பக்கம் இனி வர மாட்டோம்" என்று அவன் சொல்லியிருந்தான்.

எட்டாவது முறை மோத வந்தவை இரண்டு நரிகள். அக்காள் இச்சி, தம்பி யாமே. அந்தப் பக்கத்திலேயே இச்சியைப்போல அடர்ந்த வால் யாருக்கும் கிடையாது.

ஏழாவது மோதலிலிருந்து எண்ணித் தொண்ணூற்றைந்தாம் நாள் போட்டி என்று பேசினார்கள். அன்று காலை யாமே நொண்டிக்கொண்டு வந்தான். "முள் குத்திவிட்டது. பன்னிரண்டு நாள் பொறுங்கள்."

நூற்றேழாம் நாள் இச்சி முக்காடு போட்டுக்கொண்டு வந்தாள். "எங்கள் அத்தை செத்துப்போனாள். பதின்மூன்று நாள் துக்கம்."

"போன கோடையிலும் உங்க அத்தைதானே செத்தா?" என்றான் கென்பெய்.

"அது பெரிய அத்தை. உனக்கு ஏன் கரடியாரே இந்த அவசரம்? எங்காவது போக வேண்டுமோ? படுக்க வேண்டுமோ?" என்று கேட்டு இச்சி சிரித்தாள்.

அப்போதுதான் சூகேக்கு விஷயம் விளங்கியது. கரடிகள் குளிர்காலம் முழுவதும் தூங்குபவை. நரிகள் அதற்காகத்தான் நாளைக் கடத்துகின்றன. ஒரு சோடி பெயர் கொடுத்துவிட்டால் இடையில் வேறு யாரும் மோத வர முடியாது. மிச்சம் இருந்தது ஒரே நாள், நூற்றிருபதாம் நாள்.

அதற்குப் பிறகு சூகேக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காலையில் எழுந்ததும் கென்பெயின் கண்ணைத்தான் பார்ப்பான். நூற்றுப் பத்தாம் நாள் கென்பெய் ஆறு முறை கொட்டாவி விட்டான். நூற்றுப் பதினைந்தாம் நாள் இருபத்துமூன்று முறை. நூற்றுப் பதினெட்டாம் நாள் நடந்துகொண்டே ஒரு மரத்தில் முட்டிக்கொண்டான்.

"அண்ணே, தூங்கிட்டீங்களா?"

"தூங்கலடா. கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு குடுத்தேன்."

"நடக்கும்போதா?"

"கால் நடக்குது, கண்ணு சும்மாதானே இருக்கு."

சூகே பயந்துபோனான். அண்ணன் சோர்ந்துவிட்டான், அவனுக்குப் பலம் வேண்டும் என்று நினைத்தான். மறுநாள் முழுவதும் ஓடி ஓடிக் கஷ்கொட்டை பொறுக்கினான். முந்நூற்றுப் பன்னிரண்டு கொட்டைகள். அதோடு இரண்டு தேனடை. எல்லாவற்றையும் கென்பெயின் முன்னால் குவித்து, "ஒன்னுகூட மிச்சம் வைக்கக் கூடாது அண்ணே" என்று நின்று தின்ன வைத்தான்.

குரங்குக்கு வயிறு நிறைந்தால் கால் துள்ளும். கரடிக்கு வயிறு நிறைந்தால், குளிர்காலம் வந்துவிட்டது, படுக்கலாம் என்று உடம்பு முடிவு செய்துவிடும். பட்டினியாக இருக்கும் கரடி பனி விழுந்தாலும் விழித்திருக்கும். சூகேக்கு இது தெரியாது. கென்பெய்க்குத் தெரியும். ஆனாலும் தம்பி அத்தனை தூரம் ஓடிப் பொறுக்கியதை வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் தின்றுவிட்டான்.

நூற்றிருபதாம் நாள் நடுப்பகல். முதல் பனி தூறலாக விழுந்தது. "படுக்கிற ஆசை வர்றதுக்குள்ள முடிச்சிடறேன்" என்று கென்பெய்தான் முதலில் உள்ளே போனான். ஒரின் சூகேயின் வாலை மூலைக் கம்பத்தில் கட்டினாள். முடிச்சுக்கு ஒரு சாண் போயிற்று. மிச்சம் நான்கு சாண். எதிர் மூலையில் இச்சியின் வாலையும் கட்டினாள்.

கென்பெய் யாமேயை இரண்டு முறை தூக்கி எறிந்தான். மூன்றாவது முறை தூக்கியபோது பனி நின்று வெயில் வந்தது. இதமான வெயில். எதிர் மூலையில் இச்சி மெல்ல ஒரு தாலாட்டுப் பாட ஆரம்பித்தாள்.

"பாடாதே! அம்மா, அவள் பாடுகிறாள்!" என்று சூகே கத்தினான்.

"பாடக் கூடாதென்று சட்டம் இல்லை" என்றாள் ஒரின்.

கென்பெய் தூக்கிய யாமேயை மெதுவாகக் கீழே இறக்கினான். முட்டி போட்டான். பிறகு, படுக்கையில் படுப்பதுபோல மல்லாந்து படுத்துவிட்டான். யாமே அவன் மார்பில் பாய்ந்து ஏறினான். ஒரின் காலால் தட்டினாள். ஒன்று. இரண்டு. அந்த நேரம் கென்பெய் தூக்கத்தில் ஒருக்களித்துப் புரண்டான். யாமே உருண்டு தள்ளி விழுந்தான். கென்பெயின் ஒரு கை சூகேயின் மூலையை நோக்கி நீண்டு கிடந்தது.

யாமே எழுந்துவந்து கரடியை மறுபடி மல்லாத்த முயன்றான். தோளால் முட்டினான். பாறையை நகர்த்துவதுபோல விரல் விரலாகத்தான் நகர்ந்தது. ஆனாலும் நகர்ந்தது.

சூகே வாலை இழுத்துக்கொண்டு உடம்பை முன்னால் வீசினான். வால் நான்கு சாண், உடம்பு மூன்று, கை மூன்று. மொத்தம் பத்து. கென்பெயின் கை பதின்மூன்றாவது சாணில் கிடந்தது.

சூகே தரையை ஓங்கி ஓங்கி மிதித்தான். கையைத் தட்டினான். "அண்ணே! கென்பெய் அண்ணே! எழுந்திருங்க!"

கென்பெயின் உதடு அசைந்தது. "பனி உருகிடுச்சா தம்பி?"

"இல்லண்ணே! கையை நீட்டுங்க! கையை மட்டும் நீட்டுங்க!"

கை ஒரு சாண் நகர்ந்து நின்றது. பன்னிரண்டு. பிறகு குறட்டைதான் வந்தது. யாமே கென்பெயின் ஒரு தோளை மண்ணில் சாய்த்துவிட்டான். இன்னொரு தோள்தான் பாக்கி.

இரண்டு சாண் போதவில்லை. கச்சை போனால் சாயங்காலமே தென்பள்ளத்தாக்கு. பனி உருகிக் கண் விழிக்கும்போது அண்ணன் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். ஏன் போனான் என்று சொல்லக்கூட ஆள் இருக்காது.

சூகே திரும்பித் தன் வாலைப் பார்த்தான். குனிந்து, அடியில் அரைச் சாண் விட்டு, பல்லால் கடித்தான். முதல் கடியில் கண்ணில் நீர் வந்துவிட்டது. நான்காவது கடியில் வால் அறுந்தது. அறுந்த நுனி தரையில் விழுவதற்குள் பின்னங்காலால் அதைப் பற்றிக்கொண்டான். பற்றியபடியே முழு நீளத்துக்கும் பாய்ந்தான்.

வால் மூன்றரை. கால் மூன்று. உடம்பு மூன்று. கை மூன்று. பன்னிரண்டரைச் சாண். அரைச் சாண் மிச்சத்தோடு அவன் விரல்கள் கென்பெயின் உள்ளங்கையில் பட்டன.

"தொட்டாயிற்று" என்றாள் ஒரின்.

யாமே துள்ளிக் குதித்து அவள் முன்னால் போய் நின்றான். "எப்படி அம்மா தொட்டாயிற்று? இவனை எங்கே கட்டியிருக்கிறது?"

"வாலைக் கட்ட வேண்டும் என்பது சட்டம். வால் கட்டித்தான் இருக்கிறது. கட்டிய வாலை விடக் கூடாது என்பது சட்டம். அவன் விடவில்லை."

"காலால் பிடித்திருக்கிறானே!"

"குரங்குக்கு நான்கும் கைதான்."

"இது என்ன நியாயம்? என் அக்காளைக் கேளுங்கள், எங்கள் அத்தையைக் கேளுங்கள்..."

"எந்த அத்தையை?" என்று கேட்டாள் ஒரின்.

யாமே பதில் தேடிக்கொண்டிருந்தபோது சூகே பின்னாலிருந்து வந்தான். வால் போனதால் நிலை தடுமாறி இரண்டு முறை விழுந்தான். மூன்றாவது முறை அந்தத் தடுமாற்றத்தோடேயே யாமேயின் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்பக்கமாக உருண்டான். யாமேயின் இரண்டு தோள்களும் மண்ணில் பட்டன.

ஒன்று.

இச்சி தன் மூலையிலிருந்து பாய்ந்தாள். தம்பி கைக்கு எட்டாமல் இரண்டு சாண் தள்ளிக் கிடந்தான். வால் பிடித்து இழுத்தது.

இரண்டு.

இச்சி திரும்பித் தன் வாலைப் பார்த்தாள். நுனியில் வெள்ளை படர்ந்த, அந்த மலையிலேயே அழகான வால். வாயைத் திறந்தாள். திறந்தபடியே நின்றாள்.

மூன்று.

இப்படி எட்டாவது முறையும் பட்டம் நின்றது. அன்றிலிருந்து மறுபடி நூற்றிருபது நாள் கணக்கு. கென்பெயை உருட்டி உருட்டியே குகைக்குக் கொண்டுபோனார்கள். ஒரினும் ஒரு பக்கம் தள்ளினாள். சூகே குகை வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கொட்டையை ஓரமாக வைத்தான். பனிக்காற்று முகத்தில் அறைந்து அறைந்து அவன் முகம் சிவந்துபோயிற்று.

நூற்றுப் பதின்மூன்றாம் நாள் கென்பெய் கண் விழித்தான்.

"இன்னும் எத்தனை நாள் இருக்கு?" என்று கேட்டான்.

"ஏழு."

"நீ போகலையா?"

"நான் எங்கே போறது? கச்சை இருக்கே."

கென்பெய் எழுந்து மார்பிலிருந்த கச்சையைக் கழற்றினான். குளிர்காலம் முழுவதும் அழுந்திக் கிடந்ததில் அது முடியோடு ஒட்டியிருந்தது, கருமுடியும் சேர்ந்து வந்துவிட்டது. அந்த இடத்தில் பிறகு வெள்ளை முடிதான் முளைத்தது.

கம்பத்தில் கட்டியிருந்த மூன்றரைச் சாண் வாலை ஒரின் அவிழ்க்கவில்லை. அது மக்கிப் போனபோது அதே நீளத்தில் சணல் கயிறு வாங்கிக் கட்டினாள். இனி யாருடைய வாலையும் கட்ட வேண்டாம், வெளியே நிற்பவர் இந்தக் கயிற்றைக் கையில் பிடித்திருந்தால் போதும் என்று சட்டத்தை மாற்றினாள்.

ஜப்பான் மலைக் குரங்குக்கு வால் அரைச் சாணாகவும் முகம் சிவப்பாகவும் இருப்பதும், அந்த மலைக் கரடியின் மார்பில் வெள்ளைப் பிறை இருப்பதும் அந்தக் குளிர்காலத்திலிருந்துதான். மனிதர்களின் மல்யுத்தத்திலும், இரண்டு பேர் சேர்ந்து வெல்லும் பட்டத்துக்கு இன்றும் இரண்டு பெல்ட். ஒருவர் வர முடியாமல் போனால் இரண்டையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். மூலைக் கம்பத்தில் ஒரு சிறு கயிறு இன்றும் தொங்குகிறது. வெளியே நிற்பவர் ஒரு கையால் அதை விடாமல் பிடித்துக்கொண்டு, மறு கையை எட்டும் மட்டும் நீட்டி, காலால் தரையை மிதித்து மிதித்துக் கூட்டாளியின் பெயரைச் சொல்லிக் கத்துகிறாரே, அன்று ஒரு கரடியை எழுப்ப ஆரம்பித்த கத்தல்தான் அது.