நெல்லும் ரைஸு, சோறும் ரைஸு

ஒரு ஊர்ல ஒரு கம்மா இருந்துச்சாம். பெருமழையில கரை உடைஞ்சு, பயிரெல்லாம் போயி, சனங்க பசியில கெடந்துச்சாம். அப்ப ஒரு வெள்ளைக்காரத் துரை வந்து, கரையைக் கட்டுங்க, தெனம் மத்தியானம் எல்லாருக்கும் ரைஸ் போடுறேன்னானாம். அவன் பேச்சைத் தமிழ்ல சொல்ல ஒரு துபாசி, பேரு தாண்டவராயன். ரைஸுன்னா என்னன்னுதான கேக்குற? இரு, அங்கதான் வர்றேன்.

மொத நாள் வெயில்ல மண்ணு சுமந்துட்டு வந்து உக்காந்தா, துபாசி ஆளுக்கு ஒருபடி நெல்லை முந்தியில கொட்டிட்டுப் போயிட்டான். ரெண்டாம் நாளும் நெல்லு. மூணாம் நாளும் நெல்லு. குத்திப் பொடைச்சுப் பொங்க நேரமேது, விடிஞ்சதுலருந்து இருட்டுற வரைக்கும் வேலை! துரை அனுப்புன அரிசி மூட்டையெல்லாம் துபாசி வீட்டுக்குள்ள போயி அடைஞ்சிருச்சு.

ஒச்சம்மான்னு ஒருத்தி, வெள்ளந்தின்னு ஊரே அவளைப் பாத்துச் சிரிக்கும். அவ துபாசிகிட்டப் போயி, "ஏய்யா, மனுசன் நெல்லைத் திம்பானா?"ன்னா.

"இங்கிலீசுல நெல்லும் ரைஸு, அரிசியும் ரைஸு, சோறும் ரைஸு. துரை சொன்னதைத்தான் குடுத்தேன், போடீ"ன்னான் அவன்.

அந்நேரம் பாத்து, கூட மண்ணு சுமந்த புள்ளத்தாச்சி ஒருத்தி மயங்கி விழுந்துட்டா. ஒச்சம்மாவுக்கு வந்துச்சே ஆங்காரம்!

நேரா துரை கூடாரத்துக்குள்ள போனா. அவன் சோறு தின்னுக்கிட்டிருந்தான். தட்டைக் காமிச்சு, "இதென்ன?"ன்னா. "ரைஸ்"னான். முந்தியை அவுத்து நெல்லைக் காமிச்சா. அதுக்கும் "ரைஸ்"னான்.

"ரெண்டும் ஒண்ணுன்னா நீ இதைத் தின்னு!"ன்னு தட்டைப் பிடுங்கிட்டு, நெல்லை அவன் முன்னால கொட்டிட்டா. துரை தெகைச்சுப் போயிட்டான். அவ ஒரு கை நெல்லை வாயில போட்டு மென்னு, உமி குத்தி ரத்தமாத் துப்பிக் காமிச்சா. வெளியில நின்ன சனமும் முந்தியை விரிச்சுக் காமிச்சுச்சு.

துரைக்கு மொகம் செவந்துபோச்சு. "தாண்டவராயா!"ன்னு கத்துனான். துபாசி வீட்டு மூட்டை அத்தனையும் கம்மாக்கரைக்கு வந்துச்சு. மிச்சமிருந்த நெல்லை அவனே குத்துனான், அவனே பொடைச்சான், அவனே பொங்கிப் போட்டான். கரை கட்டி முடியிற வரைக்கும் அதான் அவனுக்கு வேலை. மயங்கி விழுந்தவளுக்குத்தான் மொதச் சோறு.

"யம்மா, கையெல்லாம் கொப்புளம், எரியுது"ன்னு அழுதான்.

"எங்க வயிறு மூணு நாளா எரிஞ்சுச்சே, அதுக்கு இங்கிலீசுல என்ன பேருடா?"ன்னா ஒச்சம்மா.

பசிச்சவன்கிட்ட வார்த்தையைப் பொரட்டுறவன் உருப்பட மாட்டான், கண்ணுகளா. அவன் கொப்புளம் ஆறுச்சோ இல்லையோ, நம்ம கதை ஆறிப்போச்சு, தூங்குங்க.