மெல்லும் நேரம்

மலையடிவாரத்து மடத்துக்கு வந்து சேர்ந்தபோது அனவரதத்துக்கு அறுபது தாண்டியிருந்தது. மனைவியின் காரியம் முடிந்த கையோடு வந்தவர். மடத்தை நடத்திய பேராச்சி அம்மை வயதில் அவருக்கு இளையவர். ஆனாலும் அவரையே குருவாக ஏற்றார்.

மற்றவர்களோடு அனவரதம் அதிகம் பேசுவதில்லை. ஒரு செவலை நாய் மட்டும் அவர் காலடியில் கிடக்கும். பால்சோற்றைக் குழையப் பிசைந்து, உருட்டி, அதன் வாயில் ஊட்டுவார். அதன் பிறகுதான் அவர் சாப்பாடு.

ஒரு நாள் நாய் உருண்டையை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுநாளும் தின்னவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு அம்மையிடம் போனார்.

"நான் என்ன குறை வச்சேன்னு தெரியலை அம்மா."

அம்மை நாயின் உதட்டை விலக்கிப் பார்த்தார். பல்லில் மஞ்சளாகக் காரை கட்டியிருந்தது. ஈறு சிவந்து வீங்கியிருந்தது. வாய் நாறியது.

"மெல்லுறதுக்கு என்ன குடுக்கிறீங்க?"

"மெல்லவே விடுறதில்லை. என் வீட்டுக்காரிக்கும் கடைசி வரைக்கும் இப்படித்தான் பிசைஞ்சு ஊட்டினேன்."

"அவங்களால மெல்ல முடியலை ஐயா. இதுக்குப் பல் இருக்கு."

மாட்டாஸ்பத்திரியில் காரையைச் சுரண்டி எடுத்தார்கள். புண் ஆறியதும், கறிக்கடையில் பச்சை எலும்பு வாங்கிவரச் சொன்னார் அம்மை.

அனவரதம் தயங்கினார். "மடத்துக்குள்ள எலும்பா?"

"நாய் சன்னியாசம் வாங்கலையே."

எலும்பைக் கவ்விய நாய் பாறைக்குப் பின்னால் போய்ப் படுத்தது. அவர் கிட்டே போனார். அது தலையைத் தூக்காமல் மெல்ல உறுமியது. அவர் திரும்பி வந்துவிட்டார்.

அதன்பின் பால்சோறு நின்றது. கெட்டியான தீனியும் அவ்வப்போது எலும்பும்தான். மாதங்கள் போயின.

ஒரு மத்தியானம் அனவரதம் இலைக்கு முன்னால் கை நனைக்காமல் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் சாப்பிட்டு எழுந்து போயிருந்தார்கள். அம்மை வந்து எதிரே அமர்ந்தார்.

"நாயோட பல் எப்படி இருக்கு?"

"வெள்ளையா இருக்கு. நாத்தமும் இல்லை."

அனவரதம் பாறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எலும்பு கிடைச்சா என் பக்கமே திரும்புறதில்லை அம்மா. அது மென்னு முடிக்கிற வரைக்கும் நான் என்ன செய்யட்டும்?"

பாறைப் பக்கமிருந்து எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. அம்மை இலையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"நீங்க சாப்பிடுங்க ஐயா. சோறு ஆறுது."