முள்ளம்பன்றி காவல் காத்த காளான்

இடி இடித்து மழை விட்ட மறுநாள் காலை. முள்ளம்பன்றி கூரான் போன வழியில் ஒரு கரையான் புற்று. அதைச் சுற்றி மொட்டும் குடையுமாகக் காளான் பூத்துக் கிடந்தது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அவன் மனைவி செம்பி முழுகாமல் இருந்தாள். அடைமழையில் குட்டி பிறக்கும். அப்போது இரை தேட வெளியே தலைகாட்ட முடியாது. இந்தக் காளான் இருந்தால் கவலையே இல்லை.

ஒன்று விடாமல் பறித்தான். வளைக்குத் திரும்பும்போது கால்தடத்தைக்கூட வாலால் பெருக்கி அழித்தான். அவ்வளவு புத்திசாலி.

காளானைப் பாறையில் பரப்பி நன்றாக வெயில் காட்டினால்தான் கெடாமல் இருக்கும் என்றாள் செம்பி. அணில் வரிச்சி அப்படித்தான் காயவைக்கிறாள் என்றும் சொன்னாள். கூரானுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"பாறையில பரப்பினா காடே பார்க்கும். எங்கே பறிச்சேன்னு கேட்கும். அப்புறம் அந்தப் புத்து நம்மளுதா இருக்குமா?"

செம்பி எவ்வளவோ சொன்னாள். கேட்டால்தானே! ஈரக் காளானை அப்படியே வளைக்குள் ஒரு மூலையில் திணித்து மண்ணால் மூடினான். வாசலில் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு காவல் உட்கார்ந்தான். வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. சில நாளில் உள்ளிருந்து நாற்றம் கிளம்பியது. அந்தப் பக்கம் வந்த முயல் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியது. தன் முள்ளுக்குப் பயந்துதான் ஓடுகிறது என்று இவனுக்கு ஏகப் பெருமை.

அடைமழை பிடித்தது. குட்டிகளும் பிறந்தன. பசியில் துவண்ட செம்பி மண்ணைத் தள்ளிப் பார்த்தாள். காளான் கறுத்துக் கூழாகிப் புழு நெளிந்தது. பால் கொடுக்கத் தெம்பில்லாமல் அவள் அழுதாள்.

கூரான் வெட்கத்தை விட்டு அணிலிடம் போய்க் கேட்டான். வரிச்சி காய்ந்த காளானை மறுபேச்சில்லாமல் அள்ளிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்ட பிறகும் அவனுக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் புற்று இருக்கும் இடம் அவளுக்குத் தெரியுமா என்று மெல்ல விசாரித்தான்.

"எல்லாருக்கும் தெரியுமேண்ணே. வருஷா வருஷம் நாங்க பறிக்கிற இடம்தான். இந்தத் தடவை அண்ணி முழுகாம இருக்காங்களே, அவங்களுக்கு ஆகட்டும்னு விட்டுவச்சோம்."

கூரான் மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தான்.

தனக்கு நல்லது நினைப்பவர்களையே திருடர்களாக எண்ணுகிறவன், தன் பிள்ளைகளின் வயிற்றில்தான் அடிக்கிறான்.