ஓடியவன் பாட்டு

ஆங்கிலோ-சாக்சன் சிற்றரசர்கள் இங்கிலாந்தை ஆண்ட காலம். வடகடலோரத்து ஊர் ஒன்றில், ஈல்மர் என்ற பாணரிடம் விக்முண்ட் யாழ் கற்றுவந்தான். ஆசானுக்கு முப்பது வயதுகூட இருக்காது. சீடனுக்குத் தாடி நரைத்துவிட்டது. முன்பு போர்வீரனாக இருந்தேன் என்பதற்கு மேல் அவன் தன்னைப் பற்றி எதுவும் சொன்னதில்லை.

ஒருநாள் கேட்டான்:

“நம் பாட்டெல்லாம் ஏன் ஒன்றுபோலவே இருக்கின்றன? தலைவன் போரில் விழுகிறான். கூடம் பாழாகிறது. ஒருவன் மட்டும் பனிக்கடலில் தனியே அலைகிறான். பாட வேறு எதுவுமே இல்லையா?”

ஈல்மர் நரம்பை முறுக்கிக்கொண்டிருந்தார்.

“பொறுங்கள்,” என்றார்.

அந்தக் குளிர்காலத்தில் கென்ரெட் என்ற இளந்தலைவன் ஆட்களோடு ஊருக்கு வந்தான். அவன் தந்தை ஓஸ்லாக் ஓர் ஆற்றங்கரைப் போரில் மாண்டவர். அன்று அவரை விட்டுவிட்டு ஓடியவன் யாராக இருந்தாலும் வெட்டுவேன் என்று மகன் சபதம் செய்திருந்தான்.

விருந்துக் கூடத்தில் எல்லோரும் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். விக்முண்ட் மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தான்.

“பாணரே, என் தந்தையின் கடைசிப் போரைப் பாடுங்கள்,” என்றான் கென்ரெட்.

“நான் அதைப் பார்த்ததில்லை,” என்றார் ஈல்மர். “விக்முண்ட், நீங்கள் வாருங்கள்.”

யாழை நீட்டினார்.

ஆசானுக்கு எப்படித் தெரிந்தது? தூக்கத்தில் உளறியிருப்பேனோ? கதவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வெளியே இருட்டவில்லை; குதிரைகள் சேணம் அவிழ்க்காமல் நின்றன.

அவன் போய் யாழை வாங்கிக்கொண்டான்.

பெருகி ஓடிய ஆற்றைப் பாடினான். விடியலில் ஓஸ்லாக் தன் ரொட்டியைப் பிய்த்து வீரர்களுக்குக் கொடுத்ததைப் பாடினான். கேடயங்கள் பிளந்ததையும் தலைவர் சாய்ந்ததையும் பாடினான். அவர் பக்கத்தில் நின்று மடிந்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிப் பாடினான். அதோடு நிறுத்தினான்.

“ஓடியவன் பெயர்?” என்றான் கென்ரெட்.

“விக்முண்ட்.”

கென்ரெட் வாளை உருவிக்கொண்டு எழுந்தான். வாள்முனை கிழவனின் கழுத்தைத் தொட்டது. விக்முண்ட் அசையவில்லை.

வாளை எடுக்காமலே கென்ரெட் கேட்டான்:

“ரொட்டி கொடுத்தபோது அவர் ஏதாவது சொன்னாரா?”

“உங்களைப் பற்றிச் சொன்னார். பையன் வராததும் நல்லதுதான் என்றார்.”

வாள் கீழே இறங்கியது. கென்ரெட் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“முதலிலிருந்து பாடு,” என்றான்.

மறுநாள் அவர்கள் போன பிறகு, விக்முண்ட் ஆசானின் எதிரில் வந்து நின்றான். கழுத்தில் சிறு கீறல் காய்ந்திருந்தது.

“ஓடியவன் என்று தெரிந்தும் என் கையில் ஏன் யாழைக் கொடுத்தீர்கள்? நின்றவர்களின் பாட்டல்லவா அது?”

“நின்றவர்கள் யாரும் திரும்பி வரவில்லையே,” என்றார் ஈல்மர்.