கேக்கக் கூடாது

வெள்ளியம்பாடி ராசா செங்கோடர் ஒரு நாள் சபைக்கு வந்தாரு. தலையில கிரீடத்தக் காணோம், மண்சட்டியக் கவுத்திருந்தாரு. எவனாச்சும் சிரிப்பானா? மறுநாளே தளவாய் தலையிலயும் சட்டி. அவரப் பாத்துட்டு அரமன சமையக்காரன் குழம்புச் சட்டியவே கழுவிக் கவுத்துக்கிட்டான்.

எல்லாம் பாதாளச் சாமியாரு பண்ண வேல. வானம் இடிஞ்சு விழப் போவுதாம், அதுவரைக்கும் தலைக்குச் சட்டி காவலாம். அரமனக் கெணத்துக்கு அடியில தங்கப் பட்டணம் இருக்காம், அங்க போனாத் தப்பிச்சிரலாமாம். அமாவாசையன்னிக்கு ராசா மொதல்ல குதிக்கணுமாம், மத்தவங்க பின்னாலயே. மூக்கால இழுத்து இழுத்துத்தான் பேசுவாரு: "எங்கிட்ட வந்தவன் ஒண்ணும் கேக்க்க்கக் கூடாது."

ராசாவுக்கு நீச்சல் வேற தெரியாது.

சபையில கேலி பேசியே சோறு தின்ற குப்பாண்டி மட்டும் இத நம்பல. ராசாகிட்ட சொல்லிச் சொல்லிப் பாத்தான். அந்தச் சாமியாருகிட்ட அப்படி என்னதான் புடிச்சுப் போச்சுன்னு கேட்டான்.

"இங்க வர்றவன் எல்லாம் அதக் குடு, இதக் குடுன்னுதான் நிக்கறான். அவரு ஒருத்தருதாண்டா 'நல்லாத் தூங்குனியாப்பா'ன்னாரு."



அமாவாச காலையில குப்பாண்டி ஒரு மூட்ட பஞ்சத் தூக்கிக்கிட்டுக் கெணத்தடிக்கு வந்தான். "சாமி உத்தரவுப்பா, ஒண்ணும் கேக்கக் கூடாதாம்"னு சொல்லிச் சொல்லி எல்லார் காதுலயும் அடைச்சான். ஏண்டான்னு ஒருத்தரும் கேக்கல. கேக்கக் கூடாதே. தளவாய் பெரிய பக்திமான் இல்லியா, மூக்குலயும் ரெண்டு வச்சுக்கிட்டாரு.

சாமியாரு வந்து கையத் தூக்குனாரு. "குதி ராசா." ராசா கும்புட்டுக்கிட்டே நின்னாரு. "குதிப்பா கண்ணு." ராசா இன்னும் குனிஞ்சு கும்புட்டாரு. சாமியாருக்குத் தொண்ட வத்திப் போச்சு. அப்புறந்தான் பஞ்சக் கண்டாரு. ஒவ்வொருத்தர் காதுலயா புடுங்கிப் போட்டு, மூக்குக் கொரல மறந்து அடித்தொண்டையில கத்துனாரு: "அடேய், கேளுங்கடா!"

"சாமியே சொல்லிட்டாரு, கேளுங்கப்பா"ன்னான் குப்பாண்டி.

அவ்ளோதான். அத்தன நாளா அடக்கி வச்சதெல்லாம் மட தெறந்தாப்புல வந்துச்சு. தங்கப் பட்டணத்துல அடுப்புக்கு வெறகு கெடைக்குமான்னான் சமையக்காரன். சட்டிக்குள்ள தல அரிச்சா என்ன பண்றதுன்னாரு தளவாய். கடைசியா ராசா மெதுவாக் கேட்டாரு. "சாமி, நீங்க எப்போ குதிப்பீங்க?"

"நானா? எல்லாரும் போயிட்டா... அரமனையப் பாத்துக்க ஒரு ஆள் வேணாமா?"

எல்லாரும் சாமியாரையே பாத்தாங்க. சாமியாரு கெணத்தப் பாத்தாரு, வாசலப் பாத்தாரு, காவி வேட்டியத் தூக்கிக் கட்டுனாரு. ஓடுன ஓட்டத்துல அவரு தலையில இருந்த சட்டியும் எங்கயோ உருண்டுச்சு.

ராசா வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. கையில கெடந்த தங்கக் காப்பக் கழட்டிக் குப்பாண்டிக்குப் போட்டாரு. போட்டுட்டு மொறைச்சாரு.

"ஏண்டா, ஏமாத்துக்காரப் பயன்னு மொதல்லயே எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"தெனமும் சொன்னேன் ராசா. நீங்கதான் கேக்கல."